ஒரு காதுகுத்து மொய் நோட்டு

என் தங்கை மகனுக்கு வந்திருக்கும் நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. அம்மாவைக் கேட்டால் "ரத்தத்துல ஒரு சத்து ஊறல" என்பார். யோசித்துப் பார்த்தால் அது பிழையான விளக்கமும் இல்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் அகாமாகுளோபுலினீமியா என்ற இந்த நோயில், கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின்களை உண்டாக்க வேண்டிய பி செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே முதிராமல் நின்றுவிடுகின்றன. 1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப நோய்த்தொற்றுக்கு ஆளான 8 வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின்கள் அடங்கிய காமாகுளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு இதை எழுதினார். பழுதாகும் மரபணு 1993-இல் கண்டறியப்பட்டபோது அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். புரூட்டன் டைரோசின் கைனேஸ், சுருக்கமாக பிடிகே என்கிறார்கள்.

பையனுக்கு இப்போது ஐந்து வயது. பிறந்து ஆறேழு மாதம் வரை அவன் நன்றாகவே இருந்தான், ஏனென்றால் கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்து சேர்ந்த எதிர்ப்புரதங்கள் அதுவரை காத்தன. அவை தீர்ந்த பிறகு காதில் சீழ், வயிற்றுப்போக்கு, மூன்று முறை நிமோனியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இடையில் ஒரு மருத்துவர் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று முடிவுகட்டி ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார். கடைசியில் ஓர் இளம் மருத்துவர், சளிக்காக வந்தவனின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை முறை தொற்று வந்த பிள்ளைக்கு டான்சில் வீங்கியிருக்க வேண்டும், இவனுக்கு டான்சிலே கண்ணில் படவில்லையே என்று நின்றார். டான்சில் பெரும்பாலும் பி செல்களால் ஆனது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை இம்யூனோகுளோபுலின்களும் அடிமட்டத்தில் இருந்தன. செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பி செல்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, எடை கிலோவுக்கு ஏறத்தாழ அரை கிராம் என்ற கணக்கில், பதினாறு கிலோ பிள்ளைக்கு எட்டு கிராம் இம்யூனோகுளோபுலின் நரம்பு வழியாக ஏறுகிறது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்து அது. அவன் பள்ளிக்குப் போகிறான், தேரோட்டம் பார்க்கிறான், வாய்க்காலில் இறங்காதே என்றால் கேட்க மாட்டேன் என்கிறான்.

அவன் சிகிச்சையைப் பற்றி எழுதுவது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. மரபணு அறிக்கை வந்த நாளில் மரபியல் ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் தள்ளி, "உங்கள் அம்மா வழியில் எல்லாரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று கேட்டார். அந்தத் தாளை நிரப்ப எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வம்சம் எழுதுவது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன். எங்கள் அப்பா வழியில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயரை எந்தப் பங்காளியும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். குலதெய்வக் கோயிலில் வரி வசூலிக்கும் நோட்டில் தலைக்கட்டு வாரியாக எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்த நோய்க்கு அந்த நோட்டால் பயனே இல்லை. தகப்பன் மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோம். எக்ஸ் அவனிடமிருந்து மகனுக்குப் போகாது. எங்கள் பையனே நாளை வளர்ந்து குடும்பம் நடத்தினால் அவன் மகன்கள் அனைவரும் இந்தப் பழுது இல்லாமல் பிறப்பார்கள், மகள்கள் அனைவரும் கேரியர்களாக, அதாவது தங்களுக்கு நோயில்லாமல் பழுதை மட்டும் சுமப்பவர்களாக, இருப்பார்கள். இந்த நோய் பெண்களின் வழியாக நடக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களோ கல்யாணமானதும் வேறு ஊருக்கு, வேறு குலதெய்வத்துக்கு, வேறு நோட்டுக்குப் போய்விடுகிறார்கள். என் அம்மாயியின் அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்டபோது எங்கள் வீட்டில் இருந்த ஆறு பெரியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்கு முன்பு வேறு ஒரு பேச்சைத் தாண்ட வேண்டியிருந்தது. தங்கையைத் தாய்மாமன் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்று கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். என் மைத்துனரின் அம்மா ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆலோசகர் இதைத் தட்டிக்கழிக்காமல் விளக்கினார். உறவுக்குள் திருமணம் செய்வதால் கூடும் ஆபத்து, தாய் தகப்பன் இருவரும் ஒரே பழுதை ஆளுக்கொரு பிரதியாகக் கொடுக்கும் நோய்களில்தான். பி செல் இல்லாத நோயிலும் அப்படி வரும் அரிய வகைகள் உண்டு என்பதால்தான் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆனால் பழுது பிடிகே-யில் என்று தெரிந்த பிறகு மாப்பிள்ளை யார் என்பது பொருட்டே இல்லை. கேரியரான ஒரு பெண் சொந்தத்தில் கட்டினாலும், வடநாட்டில் கட்டினாலும், பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் இரண்டில் ஒன்று வாய்ப்பு. ஒவ்வொரு பெண் பிள்ளையும் கேரியராக இருப்பதற்கும் இரண்டில் ஒன்று. மாமன் திடமான மனிதராக அறுபது வயதை நெருங்குகிறார் என்பதே அவரிடம் இந்தப் பழுது இல்லை என்பதற்குச் சான்று. ஆணிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ். அதில் இருந்தால் தெரியாமல் மறைந்திருக்க முடியாது.

பெண்ணிடம் மறைந்திருக்கும். அதுதான் சிக்கல். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று செயலற்று உறங்குகிறது என்பதை 1961-இல் மரபியலாளர் மேரி லயன் முன்வைத்தார். கேரியர் பெண்ணின் உடலில் பழுதான எக்ஸ் விழித்திருக்கும் பி செல்கள் முதிராமல் அழிந்துவிட, நல்ல எக்ஸ் விழித்திருப்பவை மட்டுமே பிழைத்து ரத்தத்துக்கு வருகின்றன. ஆகவே அவளுடைய ஐஜிஜி அளவு யாருடையதையும்போல இயல்பாகவே இருக்கும். எங்கள் சித்தப்பா ஒருவர் இது தெரியாமல், மகளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் "எதிர்ப்பு சக்தி டெஸ்ட்" எடுத்து, எல்லாம் நார்மல் என்ற தாளைக் கொண்டுவந்து காட்டி, எங்கள் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, இனி எங்களை இழுக்காதீர்கள் என்றார். அந்தத் தாள் அந்தப் பெண் ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று சொன்னதே தவிர, அவள் கேரியரா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. மோனோசைட் என்ற வெள்ளணுக்களில் பிடிகே புரதத்தைத் தேடினால் உள்ள செல்களும் இல்லாத செல்களும் இரண்டு குன்றுகளாகப் பிரிந்து தெரியும். அல்லது குடும்பத்தில் ஏற்கெனவே கண்டறிந்த அந்த ஒரே எழுத்துப்பிழையை அவளுடைய மரபணுவில் அதே இடத்தில் பார்க்க வேண்டும். பையனுக்குத்தான் நூல் முழுதும் படிக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்று தெரிந்துவிட்டதால் வேலையும் செலவும் குறைவு.

தாளுக்குத் திரும்புகிறேன். தங்கை கேரியர் என்று அறிக்கை வந்திருந்தது. அது அவளிடமே புதிதாகத் தோன்றியதா, மேலிருந்து வந்ததா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாருடைய கணக்கும் நிற்கிறது. புதிதாகத் தோன்றுவது அரிதல்ல. நோயுற்ற ஆண்கள் பிள்ளை பெறும் வயதை எட்டாமலே இறந்துவிடும் இத்தகைய நோய்களில், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம் பழுது புதிதாக உண்டானதாக இருக்க வேண்டும் என்று மரபியலாளர் ஹால்டேன் கணக்கிட்டார். இல்லாவிட்டால் நோயே தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து மறைந்திருக்கும் என்பது அவர் வாதம். இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்த அதே ஹால்டேன்தான். வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது இவரைச் சொல்லாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேனே என்று இருந்தது.

அம்மாயி குடவாசலுக்குப் பக்கத்தில் மாமா வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "மூணு" என்றார். என் அம்மா, மாமா, சித்தி. இதே பதிலைத்தான் குடும்ப அட்டைக்கும் மக்கள் தொகைக் கணக்குக்கும் ஆயுள் முழுதும் சொல்லியிருப்பார். நான் அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பியிருப்பேன். மாமாதான், பரணில் பழைய மொய் நோட்டுகள் கிடக்கின்றன, யார் யார் உறவு என்பதற்கு அது உதவுமா பார் என்று ஒரு தகரப்பெட்டியை இறக்கினார். தஞ்சாவூர்ச் சீமையில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்துபோகும். மொய் நோட்டு தொலையாது. வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா. அதில் பிலவங்க வருஷம் தை மாதம் என்று தலைப்பிட்ட ஒரு நோட்டு இருந்தது. 1968-இன் தொடக்கம். இரண்டு ரூபாய், ஒரு ரூபாய், ஒரு பித்தளைக் குடம் என்று போன வரிசைக்கு மேலே, சிரஞ்சீவி இன்னாருக்குக் காதுகுத்து என்று எழுதியிருந்த பெயர் எங்களில் யாருடையதும் இல்லை. மாமா பிறந்ததே அதற்கு மறுவருடம்.

அம்மாயியிடம் அந்தப் பெயரைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "காதுகுத்துன புண்ணு ஆறவே இல்ல. சீழ் வச்சுக்கிட்டே இருந்துச்சு. ஐப்பசி அடைமழைல சளி கட்டி, மாந்தம்னு மந்திரிச்சோம். போயிட்டான்" என்றார். ஒரு வருடம் ஒன்பது மாதம்.

அப்போதுதான் கேள்வியை மாற்றினேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக் கூடாது, எத்தனை பேறு என்று கேட்க வேண்டும். இன்னொன்றையும் கேட்கக் கற்றேன்: உங்கள் சொந்தத்தில் பிச்சை, குப்பு என்று யாருக்காவது பெயர் உண்டா? முன்பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்தோ, பிறரிடம் கொடுத்துப் பிச்சையாக வாங்கியோ அந்தப் பெயரை வைப்பார்கள். யமன் கண்ணுக்கு வேண்டாத பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்பது நம்பிக்கை. எனக்கு இப்போது அந்தப் பெயர் வேறொன்றைச் சொல்கிறது: இவருக்கு முன்னால் சிலர் இருந்தார்கள். "என் தங்கச்சி மவன் பிச்சைதானே" என்றார் அம்மாயி. அந்தத் தங்கை வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஒரு சீர்த் தகராறில் போக்குவரத்து நின்று நாற்பது வருடம் ஆகிறது. மொய் நோட்டில் 1979-க்குப் பிறகு அந்த ஊர்ப்பெயரே இல்லை.

நானும் மாமாவும் போனோம். சின்ன அம்மாயி இல்லை. அவருடைய மூத்த மகள், பெரியம்மா முறை, மோர் கொடுத்து உட்கார வைத்தார். வந்த விஷயத்தை மெதுவாகச் சொன்னதும், பிச்சை மாமாவுக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள் இருந்து, இருவருமே இரண்டு வயதைக் காணாமல் போனார்கள் என்றும், அக்காள் தங்கைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். நாகதோஷம் என்று பரிகாரம் செய்திருக்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தக் காலத்தில் கைக்குழந்தைகள் எதனாலும் இறந்தார்கள் என்பதையும், ஒரு மரணத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதையும் ஆலோசகர் முன்பே எச்சரித்திருந்தார். ஆனால் அம்மாயிக்கு ஒருவன், அவர் தங்கைக்கு இருவர், மூவருமே ஆண்கள், தாயிடமிருந்து வந்த காப்பு தீர்ந்த பிறகு நோயுற்று இறந்தவர்கள், மூவரையும் இணைப்பது பெண்கள் மட்டுமே. தாளில் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமுமாக வரைந்து, இறந்த மூவரின் சதுரங்களின் குறுக்கே கோடு போட்டபோது ஆலோசகர் சற்று நேரம் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாயியின் அம்மாவரை இது போகிறது என்றார்.

அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் உறுதியானது. முடிவு வந்த அன்று அம்மா, "என் ஒடம்புல இருந்துதான் போச்சுன்னு எழுதியே குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தங்கைதான், "உனக்கு அம்மாயிகிட்டேருந்து வந்துச்சு, அம்மாயிக்கு அவங்க அம்மாகிட்டேருந்து. யாரைக் குத்தம் சொல்றது?" என்றாள். பழுது சுமந்த பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய இந்த ஒரு வாக்கியத்தை, பிள்ளையைப் பெற்றவளே சொன்னதில்தான் அம்மா கொஞ்சம் தேறினார்.

அடுத்து நான். அம்மா கேரியர் என்றால் எனக்கு வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆனால் எனக்குப் பதினான்கிலும் பதினொன்றிலும் நோயற்ற இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கை மாற்றுகிறார்கள். என் நிலையில் எட்டுப் பெண்களை நிறுத்துங்கள். நால்வர் கேரியர், நால்வர் இல்லை. கேரியரான நால்வரில் இரண்டு மகன்களுமே தப்பியிருக்கக் கூடியவர் ஒருவர்தான். கேரியர் அல்லாத நால்வருக்கும் இரண்டு மகன்களும் நலம். ஆக, இரண்டு நல்ல மகன்களோடு நிற்பவர்கள் ஐவர், அவர்களில் கேரியர் ஒருவர். இரண்டில் ஒன்று ஐந்தில் ஒன்றாக இறங்கிவிட்டது. இதைக் கரும்பலகையில் நடத்தும் சுகத்தோடு கணவருக்கு விளக்கி, பரிசோதனையே தேவையில்லை என்ற இடம் வரைக்கும் நானே பேசிக்கொண்டு போனேன். அவர், "ஐஞ்சுல ஒண்ணுன்னா ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

அந்த ஒன்று நான்தான். அறிக்கையைப் படித்ததும் முதலில் தோன்றியது மகன்கள் முகம். இரண்டு முறை நாணயம் சுண்டப்பட்டது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் உண்டு. அவளுக்கும் உடனே பார்த்துவிடலாம் என்றேன். ஆலோசகர் அவசரப்பட வேண்டாம் என்று சொன்னார். கேரியராக இருப்பதால் அவள் உடல்நலத்துக்கு இப்போது எந்தத் தீங்கும் இல்லை. அவளுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையும் இல்லை. அது அவள் வளர்ந்து, புரிந்துகொண்டு, தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, பெண் பார்க்க வருபவர்களுக்கு முன்னால் அவளுடைய தாள் எத்தனை கைகளுக்குப் போகும் என்று நினைத்ததும் அவர் சொன்னது பிடிபட்டது. குடும்பத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் வயதுக்கேற்பச் சொல்லி வருகிறேன்.

தங்கைக்கு இன்னொரு பிள்ளை ஆசை உண்டு. ஸ்கேன் சென்டர் தோறும் ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற பலகை இருப்பதால், கருவில் எதையும் பார்க்கவே சட்டம் இடம் தராது என்று நினைத்திருந்தாள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதையும் பாலினம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதையும். எதெதற்காகக் கருவில் சோதிக்கலாம் என்று அதே சட்டம் தரும் பட்டியலில் பால் சார்ந்த மரபு நோய்களும் இருக்கின்றன. சோதனையும் குடும்பத்தின் அந்த எழுத்துப்பிழை இருக்கிறதா என்பதைத்தான் தேடும். அவள் செய்துகொள்வாளா என்பது அவளும் மைத்துனரும் பேச வேண்டியது.

மிச்சம் இருந்தது சித்தி. அவருக்கு ஒரே மகன், நோயில்லாதவன். ஆகவே சித்திக்கு மூன்றில் ஒன்று, அவர் மகளுக்கு ஆறில் ஒன்று. முன்பு தாள் காட்டிய சித்தப்பாவின் மகள்தான் அவள். மருத்துவர்கள் தாங்களாக உறவினர்களைத் தேடிப்போய்ச் சொல்ல முடியாது. குடும்பத்தின் வாய்வழிதான் போக வேண்டும். அதற்காக ஆலோசகர் பெயர் எதுவும் இல்லாத ஒரு கடிதம் தந்தார்: இக்குடும்பத்தில் இன்ன மரபணுவில் இன்ன இடத்தில் மாற்றம் உள்ளது, தாய்வழிப் பெண்கள் விரும்பினால் பரிசோதிக்கலாம், ஆண் குழந்தை பிறந்தால் இன்னின்ன செய்ய வேண்டும் என்று. வேதாரண்யத்துக்கு ஐந்து பிரதிகள் கொடுத்தோம். அங்கிருந்து இருவர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டார்கள். சித்தியிடம் கொடுத்தபோது மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "இதை இப்ப யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்று வாங்கி, பீரோவில் எல்ஐசி பத்திரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் பயப்படுவது நோய்க்கல்ல, அந்தத் தாள் சம்பந்தி வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு. அந்தப் பயம் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. போன மாதம் ஒரு மதியம், பள்ளி இடைவேளையில், சித்தி மகள் போன் செய்தாள். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஆறாம் மாதம். கடிதத்தை அம்மாவிடம் சண்டை போட்டு வாங்கிவிட்டாளாம். கருவில் சோதிக்கும் காலம் தனக்குத் தாண்டிவிட்டது, அது வேண்டியதும் இல்லை என்றவள், "தொப்புள்கொடி ரத்தம் எடுக்கணும்னு போட்டிருக்குக்கா. அதை யாருகிட்ட, எப்ப சொல்றது?" என்று கேட்டாள்.

பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கடிதத்தைக் காட்டிவிட வேண்டும் என்றேன். ஆண் குழந்தையாக இருந்தால் ஐஜிஜி பார்த்துப் பயனில்லை, அப்போது ரத்தத்தில் இருப்பது அவளுடையது. பி செல்களை எண்ணச் சொல்ல வேண்டும். பிறந்ததும் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தில் உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி இருப்பதால், முடிவு வரும்வரை அதை நிறுத்தி வைக்க மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊசியாகப் போடும் போலியோ தடுப்பு மருந்து வேறு, அதில் உயிருள்ள கிருமி இல்லை. அவள் பங்குக்கு ஆறில் ஒன்று, பிறப்பது மகனென்றால் அவனுக்குப் பன்னிரண்டில் ஒன்று என்பதையும் சொன்னேன். "பெரிய கணக்கா சின்னக் கணக்காக்கா?" என்றாள். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, எங்கள் பையனுக்கு நான்கு வயதில் தெரிந்தது இவனுக்கு நான்கு நாளில் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். மாமியாரிடம் இன்னும் இல்லையாம். கணவருக்குத் தெரியும், கடிதத்தை இரண்டாக மடித்துப் பேறுகால அட்டைக்குள் வைத்ததே அவர்தான் என்று சொல்லும்போது பேருந்து வந்துவிட்டது.